டாஸ்க் வராத நாட்களில் நம் கணினிகளை என்ன செய்வது?

கொழிஞ்சை டீச்சர் (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு அறிவியல் மன்றம் நடத்தி வருகிறேன். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஐடி லேபில் இருக்கும் கணினிகளில் பாயிங்க் (BOINC) நிறுவினோம். கணினியின் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சித் திட்டங்களுக்குக் கொடுக்கும் மென்பொருள் அது. கேரள அரசின் பள்ளித் தொழில்நுட்ப அமைப்பான கைட் கொடுக்கும் லினக்ஸ் உபுண்டுவை வைத்துச் செய்ததுதான், அதனால் நிறுவுவதில் ஒரு சிரமமும் இல்லை. எந்தத் திட்டத்தில் சேருவது என்று பிள்ளைகளையே முடிவு செய்யச் சொன்னேன். ஒரு மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் லேப் கணினி வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு உழைக்கிறது என்று வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இப்போது டாஸ்க், அதாவது திட்டத்தின் சர்வர் கணக்கிடச் சொல்லி அனுப்பும் வேலைத் துண்டு, ஒழுங்காக வருவதில்லை. ஒரு நாள் நாலைந்து வரும், அப்புறம் பல நாள் ஒன்றும் வராது. திட்டத்தில் வேலை எதுவும் இல்லை என்று மட்டும் ஒரு வரி. பிள்ளைகள் இடைவேளையில் ஓடி வந்து திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை.

தப்பு எங்கள் பக்கமா? காத்திருக்கலாமா, வேறு திட்டத்துக்கு மாறிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குப்பம் சர்வர் (குப்பம், சித்தூர் மாவட்டம்)

டீச்சர், தப்பு உங்கள் பக்கம் இல்லை. அந்த ஒரு வரியே அதற்குச் சாட்சி. உங்கள் கணினி சர்வர் வரை போய்க் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. நெட், கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் சரியாக இருந்தால்தான் அது நடக்கும். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்றாலும், யாராவது "புதிய டாஸ்க் வேண்டாம்" என்பதை அழுத்தியிருந்தாலும் ஈவென்ட் லாகில், அதாவது பாயிங்க் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவில், வேறு செய்தி வரும். சந்தேகமாக இருந்தால் அந்த லாகைத் திறந்து ஒரு முறை படித்துவிடுங்கள்.

பலருக்கும் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. திட்டத்தின் சர்வர் நிலைப் பக்கத்தில் "அனுப்பத் தயாராக" ஆயிரக்கணக்கில் டாஸ்க் இருப்பதாகக் காட்டும், நமக்கு மட்டும் இல்லை என்று வரும். அதற்குக் காரணம் ஃபீடர். டேட்டாபேஸில் எத்தனை லட்சம் டாஸ்க் இருந்தாலும், ஃபீடர் அதிலிருந்து கொஞ்சத்தை மட்டும் எடுத்து சர்வரின் நினைவகத்தில் வைக்கும். கேட்டு வருகிற கணினிக்கு ஷெட்யூலர் அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் கேட்டால் அது காலியாகி, மறுபடி நிரம்புவதற்குள் வந்தவருக்கு "இல்லை" என்றுதான் பதில். அங்கே அப்போது இருப்பது உங்கள் இயங்குதளத்துக்குப் பொருந்தாத டாஸ்க்காக இருந்தாலும் இதே கதைதான்.

இல்லை என்று பதில் வந்தால் பாயிங்க் உடனே மறுபடி கேட்காது. ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு நாள் வரை கூடத் தள்ளிப்போடும். அதைப் பார்த்துப் பொறுமை இழந்து "அப்டேட்" பொத்தானை ஓயாமல் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை தானாக அழுத்துவதற்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திணறும் சர்வருக்கு லட்சம் பேர் ஒன்றாகப் போய்க் கதவைத் தட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளியே வைத்திருக்கிறார்கள்.

நகரித் தறி (நகரி)

டீச்சரம்மா, எங்கள் ஊரில் பாதி வீட்டில் தறி. மாஸ்டர் பாவு கொடுக்காத வாரம் வரும். அதற்காக யாரும் தறியைப் பிரித்துப் போட்டுவிட மாட்டார்கள். வேறு மாஸ்டரிடம் போய் ஒரு பாவு வாங்கி ஓட்டுவார்கள். பழைய இடத்தில் நூல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அங்கே திரும்பிவிடுவார்கள்.

பாயிங்க்கில் அதற்கு நேரான ஏற்பாடே இருக்கிறது. இரண்டாவதாக ஒரு திட்டத்தைச் சேர்த்து, அதற்கு வளப் பங்கை 0 என்று வையுங்கள். முதல் திட்டத்தில் வேலை இருக்கும்வரை இரண்டாவதை அது தொடாது. கணினியின் பிராசசரில் ஒரு கோர் சும்மா ஆனால் மட்டும் அங்கிருந்து ஒரே ஒரு டாஸ்க்கை எடுக்கும், சேர்த்து வைக்காது. நான் ஐன்ஸ்டீன் அட் ஹோமை அப்படி வைத்திருக்கிறேன். அதில் பெரும்பாலும் வேலை இருக்கும். ஈர்ப்பலை தேடும் லைகோ தரவு, ஃபெர்மி செயற்கைக்கோளின் காமா கதிர்த் தரவு, தென் ஆப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தரவு எல்லாம் அங்கே வந்திருக்கின்றன.

பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சங்கதியும் அதில் உண்டு. 2010-ல் அந்தத் திட்டம் முதன்முதலாக ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தது. நொடிக்கு 41 முறை சுழலும் நட்சத்திரம். அது சிக்கியது அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியிலும் ஜெர்மனியில் ஒருவரின் கணினியிலும்தான். சாதாரண ஆட்கள், சாதாரண மெஷின். நாளைக்குக் கொழிஞ்சாம்பாறை லேபிலும் அது நடக்கலாம்.

வாளையார் லைன் (கஞ்சிக்கோடு)

நகரி அண்ணா சொன்ன ஏற்பாடு பள்ளிக்குச் சரி. வீட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். வேலை இல்லையா, அணைத்துவிடுங்கள்.

நான் மின்சார வேலையில் இருப்பவன், கணக்கோடு சொல்கிறேன். பாயிங்க் ஓடும்போது உங்கள் கணினி 100 வாட்ஸ் கூடுதலாக இழுத்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். கேரளத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான விலை போய், முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்து ஏற்கெனவே 200-ஐ ஒட்டி நிற்கிற வீட்டில் இந்த 72 என்ன செய்யும் என்று கூட்டிப் பாருங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாயிங்க் அமைப்பில் தினசரி நேர அட்டவணை இருக்கிறது. மாலை 6 முதல் 10 வரை உச்ச நேரம். அதை விட்டுவிட்டு மற்ற நேரம் ஓட்டுங்கள்.

அப்புறம் வெயில். பாலக்காட்டில் 2024 ஏப்ரலில் வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தார்கள், 41 டிகிரியைத் தொட்டது. ஆண்ட்ராய்டு போனில் பாயிங்க் போட்டிருப்பவர்கள் கவனியுங்கள். பேட்டரி 40 டிகிரியைத் தாண்டினால் அது தானாக நின்றுவிடும்படிதான் அமைத்து வருகிறது. எங்கள் ஊர் மீனம், மேட மாதத்தில் (பங்குனி, சித்திரை) போன் சும்மா மேசை மேல் கிடந்தாலே அந்தச் சூடு ஏறிவிடும். டாஸ்க் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், வந்த டாஸ்க் சூட்டால் நின்றிருக்கும். அந்த வரம்பை மாற்றி உயர்த்த வேண்டாம். பேட்டரி உப்பிவிட்டால் யாருக்கு லாபம்?

வேலைப் பஞ்சம் வருகிற மாதத்தை மெஷினுக்கு ஓய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விசிறியைக் கழற்றித் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கொழிஞ்சை டீச்சர்

மூன்று பேருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஃபீடர் விஷயத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன், நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், வேலை இல்லை என்றால் அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டதா, இல்லை நிறுத்திவிட்டார்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆரியங்காவு (கொல்லம் மாவட்டம்)

அந்தப் பையனுக்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இந்தத் துறையில் கேட்க வேண்டிய சரியான கேள்வி அதுதான்.

1999 மே 17 அன்று பெர்க்லியில் செட்டி அட் ஹோம் தொடங்கியது. வேற்றுலக அறிவுயிர்களின் ரேடியோ சைகையைத் தேடும் திட்டம் அது. நான் அப்போது புனலூரில் வேலையில் இருந்தேன். டயல்-அப்பில் ஒரு வேலை யூனிட்டை இறக்கிக்கொண்டு உடனே லைனைத் துண்டிப்போம். ஒரு யூனிட் என்பது அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த ஏறக்குறைய 107 விநாடி ரேடியோ தரவு. அதை அலசி முடிக்க அன்றைய கணினிக்கு முழு இரவும் போதாது. வேலை வராத நாட்கள் அப்போதும் இருந்தன. காத்திருந்தோம்.

2020 மார்ச் 31-ல் புதிய வேலை அனுப்புவதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். பலருக்கு அன்று கோபம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் நேர்மையானது: அப்போதைக்குத் தேவையான தரவை எல்லாம் அலசியாகிவிட்டது, இனி வந்து குவிந்த முடிவுகளைப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 1-ல் அரெசிபோவே இடிந்து விழுந்தது. படிக்கும் வேலை அதற்குப் பின்னும் நடந்தது. நாமெல்லாம் சேர்ந்து கொடுத்த சுமார் 1,200 கோடி சைகைகளைச் சலித்துச் சலித்து ஏறத்தாழ 100-க்குக் கொண்டுவந்தார்கள். அந்த நூறையும் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் மறுபடி பார்க்கிறார்கள். டாஸ்க் நின்ற பிறகுதான் அறிவியலின் பாதி நடந்தது என்று பையனிடம் சொல்லுங்கள்.

எல்லாப் பஞ்சமும் இதே வகை இல்லை. 2020 மார்ச்சில், புரதங்கள் மடிவதைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோமில் கொரோனாவுக்காக உலகமே வந்து சேர்ந்தது. கணிப்பு வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது, அதாவது நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழியம் போட்ட அளவு கணக்கு. வேலையைத் தயாரிக்கும் ஆராய்ச்சியாளர்களும் சர்வர்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. எத்தனையோ பேர் சேர்ந்த கையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பஞ்சம் வந்தது ஆட்கள் கூடியதால்.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்.ஹெச்.சி அட் ஹோம் வேறு விதம். 27 கிலோமீட்டர் வளையத்தில் துகள் கற்றை லட்சக்கணக்கான சுற்றுகள் நிலையாக ஓடுமா என்று சிக்ஸ்டிராக் போன்ற நிரல்களால் கணக்கிடுவார்கள். ஒரு இயற்பியலாளருக்குப் புதிதாக ஒரு சந்தேகம் எழுந்தால் திடீரென்று வேலை கொட்டும். அவர் விடையைப் படிக்கும் நாட்களில் ஒன்றும் வராது. ஆக்ஸ்ஃபோர்டின் பருவநிலைத் திட்டமும் இப்படித்தான், தொகுதி தொகுதியாகத்தான் வரும்.

இடம் மாறுவதாலும் வரும். வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டை ஐ.பி.எம். 2004 நவம்பரில் தொடங்கி 17 ஆண்டு நடத்தியது. 2021-ல் அதை டொராண்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனத்தின் தோளில் இருந்ததை ஒரு ஆராய்ச்சிக் குழு ஏற்று நடத்துவது லேசான காரியமா? மாற்றம் நடந்த 2022-ல் நீண்ட காலம் வேலை இல்லாமல்தான் இருந்தது. ஆனால் அதில் 2013-ல் தொடங்கிய மேப்பிங் கேன்சர் மார்க்கர்ஸ் என்ற புற்றுநோய் ஆராய்ச்சி அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

புரதங்களின் வடிவத்தைக் கணக்கிடும் ரோசெட்டா திட்டத்தையும் சொல்ல வேண்டும். அதன் பின்னால் இருக்கும் டேவிட் பேக்கருக்கு 2024-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. புரத வடிவமைப்பு இப்போது பெருமளவு ஆழ்கற்றல் முறைக்கு மாறிவிட்டது. முறை மாறினால் நமக்கு வரும் வேலையும் மாறத்தான் செய்யும்.

ஆகவே அம்மா, உங்கள் திட்டத்தின் செய்திப் பக்கத்தைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். இது இவற்றில் எந்த வகை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மூணாறு மூடுபனி (தேவிகுளம்)

ஐயா, இதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நான் கல்லூரி மாணவி. எங்கள் ஊரில் சூடு பிரச்சினையே இல்லை, ஆனால் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் டாஸ்க் வரும்போதே நிறையச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கேஷை, அதாவது முன்கூட்டியே இறக்கி வைக்கும் வேலையின் அளவை, 10 நாள் என்று கூட்டி வைத்திருக்கிறேன். பஞ்ச காலத்தில் அதுதான் புத்திசாலித்தனம் என்று ஒரு நண்பர் சொன்னார். சரிதானா?

குப்பம் சர்வர்

சரியில்லை தங்கச்சி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பல திட்டங்களில் ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அது செல்லும். நீங்கள் பத்து நாள் உங்கள் டிஸ்க்கில் சும்மா வைத்திருக்கும் டாஸ்க்குக்கு வேறெங்கோ ஒரு கூட்டாளி இருக்கிறார். அவர் முதல் நாளே முடித்துக் கொடுத்திருப்பார். உங்கள் விடை வரும்வரை அவருக்குக் கிரெடிட் (செய்த வேலைக்கான புள்ளி) இல்லை, விஞ்ஞானிக்கு முடிவும் இல்லை. கெடு தாண்டிவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்ப வேண்டும். டாஸ்க் பெயரின் கடைசியில் 0, 1 என்று இருந்தால் முதல் பிரதிகள். 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் யாரோ கைவிட்டதை மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். பஞ்ச நாட்களில் இந்த வகையும் நமக்கு வரும். அதை முதலில் முடித்து அனுப்பினால் தேங்கி நிற்கும் ஒரு தொகுதியே நகரும்.

இருக்கிறதே கொஞ்சம். அதை ஒருவர் பத்து நாளுக்கு அள்ளிக்கொண்டால் டீச்சரின் லேபுக்கு என்ன மிஞ்சும்? கேஷை அரை நாள், உங்கள் ஊர் மழைக்கு மிஞ்சிப்போனால் ஒன்றரை நாள் வையுங்கள். நெட் போனால் போகட்டும், செய்து முடித்தது டிஸ்க்கில் இருக்கும், வந்ததும் அனுப்பிக்கொள்ளும். கரண்ட் போனாலும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து (செக்பாயின்ட்) தொடரும்.

மூணாறு மூடுபனி

மாற்றிவிட்டேன் அண்ணே. கூட்டாளி ஒருவர் காத்திருப்பார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நகரித் தறி

வாளையார் தம்பியிடம் ஒரு வார்த்தை. அணைத்துவிடு என்று நீங்கள் சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. வேலையே தீராத திட்டங்கள் இருக்கின்றன. பகா எண் தேடும் பிரைம்கிரிட் இருக்கிறது. பாயிங்க்குக்கு வெளியே 1996 முதல் மெர்சென் என்ற தனி வகைப் பகா எண்ணைத் தேடும் கிம்ப்ஸ் இருக்கிறது. 2024 அக்டோபரில் அதில் ஒரு தன்னார்வலர் 4 கோடியே 10 லட்சம் இலக்கத்துக்கு மேல் உள்ள பகா எண்ணைக் கண்டுபிடித்தார். எண்ணுக்கு எப்போது பஞ்சம் வரும்? கணிதத்துக்கு உழைப்பதும் உழைப்புதானே.

வாளையார் லைன்

கணிதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை அண்ணா. பகா எண் மேல் உங்களுக்கு ஆசை இருந்தால் அதையே முதல் திட்டமாக வைத்து மனசாரச் செய்யுங்கள். நான் சொல்வது வேறு. மெஷின் சும்மா இருக்கிறதே என்ற பதற்றத்தில், நமக்கே அக்கறையில்லாத வேலைக்கு யூனிட்டை எரிக்க வேண்டாம். மே மாதம் மாலையில் மின் கிரிட் எப்படித் திணறுகிறது என்று தினமும் பார்க்கிறவன் நான். கிரெடிட் எண்ணிக்கை ஒரு மாதம் ஏறாமல் நின்றால் ஒன்றும் ஆகாது.

ஆரியங்காவு

இரண்டு பேரிலும் வாளையார் தம்பி சொல்வதுதான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனால் பள்ளிக்கு அது பொருந்தாது. லேப் கணினி எப்படியும் பகலில் ஓடும், பிள்ளைகளின் ஆர்வமும் ஒரு தடவை அறுந்தால் ஒட்ட வைப்பது கஷ்டம்.

மூணாறு மூடுபனி

டீச்சர், பிள்ளைகளுக்காக இன்னொரு யோசனை. கணினிக்கு வேலை இல்லாத நாளில் பிள்ளைகளின் கண்ணுக்கு வேலை கொடுக்கலாம். ஜூனிவர்ஸ் தளம் தெரியும்தானே? 2007-ல் கேலக்ஸி ஜூ என்று விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்துவதில் ஆரம்பித்துப் பெரிதாக வளர்ந்த இடம். அதில் கிராவிட்டி ஸ்பை என்று ஒன்று உண்டு. லைகோ கருவியில் பதிவாகும் இரைச்சல்களைப் படமாகக் காட்டுவார்கள், எது என்ன வடிவம் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். நகரி அண்ணன் சொன்ன ஐன்ஸ்டீன் திட்டத்துக்கும் லைகோவிலிருந்துதான் தரவு போகிறது. ஆகவே லேப் கணினி ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாக ஒரே கருவிக்காக உழைக்கலாம்.

மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா வரப்போகிறது, 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் படித்து முடிக்கும் வயதில் அங்கே ஆள் தேவைப்படும். அதையும் சொல்லுங்கள் டீச்சர். மலையோரத்து, எல்லையோரத்துத் தமிழ்வழிப் பள்ளியில் படித்தால் எட்டாதது என்று நம் பிள்ளைகள் எதையும் நினைக்கக்கூடாது. நானும் அப்படி ஒரு எஸ்டேட் பள்ளியில் படித்தவள்தான்.

கொழிஞ்சை டீச்சர்

நேற்று மன்றக் கூட்டத்தில் ஆரியங்காவு ஐயா எழுதியதை ஒரு பெண் எழுந்து நின்று வாசித்தாள். 1,200 கோடியிலிருந்து நூறு என்ற இடத்தில் வகுப்பே சத்தம் போட்டது. திட்டத்தின் செய்திப் பக்கத்தையும் படித்தார்கள். சர்வர் பராமரிப்பு நடப்பதாகவும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றும் போட்டிருக்கிறது. கேள்வி கேட்ட பையனே அதை அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டினான்.

பிள்ளைகள் ஓட்டுப் போட்டு ஐன்ஸ்டீனை இரண்டாவது திட்டமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பாயிங்க் மேனேஜரில் வளப் பங்கை 0 ஆக்கும் இடம் எங்கே என்று தெரியவில்லை. அதோடு இன்னொன்று: ஓணம் விடுமுறைக்கு லேபைப் பூட்டிவிடுவார்கள். கையில் இருக்கும் டாஸ்க் கெடு தாண்டிவிடாதா?

குப்பம் சர்வர்

அது மேனேஜரில் இருக்காது டீச்சர். ஐன்ஸ்டீன் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, திட்ட விருப்பங்கள் பக்கத்தில் "வளப் பங்கு" என்ற கட்டத்தில் 100-ஐ அழித்து 0 போட்டுச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு கணினியிலும் ஐன்ஸ்டீனுக்கு ஒரே ஒரு முறை "அப்டேட்" கொடுத்தால் புதிய அமைப்பு வந்து சேரும்.

ஓணத்துக்கு: லேப் பூட்டுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே எல்லாத் திட்டத்துக்கும் "புதிய டாஸ்க் வேண்டாம்" அழுத்திவிடுங்கள். கையில் இருப்பது முடிந்து போய்விடும். கடைசி நாளிலும் தொடங்காமல் ஏதாவது மிச்சம் இருந்தால் தயங்காமல் "அபார்ட்" (ரத்து) கொடுங்கள், தகவல் போய்ச் சேர்ந்ததும் சர்வர் அதை வேறு ஒருவருக்கு அனுப்பிக்கொள்ளும். விடுமுறை முடிந்து வந்ததும் அதே இடத்தில் "புதிய டாஸ்க் அனுமதி" கொடுக்க மறக்க வேண்டாம்.